களம் காட்டுவோரும் களம் காண்போரும்

போர்க்களங்களைச் சுற்றிக்காட்டுவது இன்று உலகெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழிலக்கியம் பயின்றோருக்கு இது புதுமையன்று. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றபின், அக்களத்தைப் பார்வையிடக் காளி புறப்படுகிறாள். பேய்க்கூட்டமும் உடன் செல்கிறது. காட்சி காட்சியாகத் தேவி சுட்டிக்காட்டுகிறாள். கண்டு களித்த பேய்கள் பின்னர் கூழ் சமைத்துண்டு வென்றோரை வாழ்த்துகின்றன. செயங்கொண்டாரின் சொல்வன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் மாண்டு கிடக்கும் சாதாரணக் கலிங்க வீரன் எவ்வூரான், எவர் மகன், எதற்காக அங்கு வந்தான் என்று எந்தப் பேயாவது வினவியதுண்டா? வழிகாட்டி, பார்வையாளர், விருந்து, வாழ்த்து என்று போர்க்களச் சுற்றுலாவின் இலக்கணம் முழுவதும் கலிங்கத்துப் பரணியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூப் போர் முடிந்தது. அடுத்த சில நாட்களிலேயே வேடிக்கை பார்க்க வண்டிகள் வந்தன. களத்தில் பொறுக்கிய குண்டுகளும் சீருடைப் பொத்தான்களும் விலைப்பொருள்களாயின. இறந்த இளைஞரின் பற்களும் பிடுங்கப்பட்டுப் பொய்ப்பல் கட்டுவோருக்கு விற்கப்பட்டன. 1826இல் கட்டிமுடிந்த பெரிய மண்மேட்டின் உச்சியில் வெற்றியின் சின்னமாக ஒரு சிங்கம் நிறுத்தப்பட்டது. அம்மேட்டுக்காக மண் அகழ்ந்ததில் போர்க்களத்தின் தரையமைப்பே மாறிப்போயிற்று. நினைவைக் காக்க எழுந்த சின்னம் நினைவுக்குரிய நிலத்தையே தின்றது.

வாட்டர்லூவையும் கலிங்கத்தையும் நான் நூல்களில் மட்டுமே கண்டேன். வேறு சில களங்கள் என் வீட்டு வாசலில் உள்ளன. குருநகர்க் கரையில் நிற்போருக்கு ஒருபுறம் யாழ்ப்பாணக் கோட்டையும் எதிரே மண்டைதீவும் தெரியும். விடுமுறை நாட்களில் கோட்டை வாசலில் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. போர்த்துக்கேயர் அதனைக் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுக் கைப்பற்றியது, 1795இல் ஆங்கிலேயர் வசமானது ஆகிய செய்திகள் அங்கே ஒப்புவிக்கப்படுகின்றன. அரண் எத்தனை கோணம் உடையது என்பதை அறிந்து பார்வையாளர் மனநிறைவுடன் படம் எடுத்துக்கொள்கின்றனர். அந்த முருகைக் கற்களை வெட்டியவர் யார், சுமந்தவர் யார் என்று கேட்பாரில்லை. 1990இல் அக்கோட்டையைச் சுற்றி மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகை நீடித்தபோது அயலிலிருந்த குடிகள் எங்கே ஓடினர் என்பதும் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

எதிரேயுள்ள கடலைக் காட்டவோ வழிகாட்டியே கிடையாது. 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் எங்கள் ஊர்த் தொழிலாளர் 30 பேருக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பரில் எங்கள் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு வீழ்ந்தது. வலையோடு போனவனும் செபமாலையோடு போனவளும் இறந்த இடங்கள் போர்க்களம் என்ற பட்டியலில் சேர்வதில்லை. படையும் படையும் மோதிய இடமே களம் என்பது அரசர் காலத்து வரைவிலக்கணம். மக்கள் இறந்த இடமெல்லாம் களம் என்று கொண்டால் நமது நாட்டில் சுற்றுலா வழிகாட்டி எங்கே தொடங்கி எங்கே முடிப்பான்?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவரோடு கல்விச் சுற்றுலாவாக ஏ9 வீதியில் சென்றேன். ஆனையிறவில் இறங்கினோம். 1991 ஜூலையில் இராணுவ முகாமை நோக்கி வந்த கவச புல்டோசரைத் தன்னுயிர் கொடுத்து நிறுத்திய காமினி குலரத்ன என்ற சிப்பாயின் நினைவாக, அந்த வாகனமே அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தென்னிலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பூ வைத்து வணங்கின. அவர்களுள் ஒரு முதியவள் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய மகனும் எங்கோ ஒரு களத்தில் இறந்திருக்கலாம் என்று எண்ணினேன். அப்போது என் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், உதுக்குள்ளை இருந்து வந்த பெடியன்ரை பேர் என்ன?"

அக்கேள்விக்கு அங்கிருந்த எந்தப் பலகையிலும் விடை இல்லை. என்னிடமும் இல்லை.

அந்த வினாவே இச்சுற்றுலாக்களை அளக்கும் சரியான அளவுகோல் என்று கருதுகிறேன். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் புதுக்குடியிருப்பில் துப்பாக்கி ஏந்திய படைவீரனின் வெற்றிச்சிலை எழுந்தது. கைப்பற்றிய ஆயுதங்களும் படகுகளும் காட்சிக்கு வந்தன. புலிகளின் தலைவர் தங்கிய நிலவறை, 2013இல் தகர்க்கப்படும்வரை, பார்வையாளர் கூட்டம் மொய்க்கும் இடமாயிருந்தது. நந்திக்கடலோரத்தில் இராணுவம் விருந்தினர் விடுதி திறந்தது. அதே காலத்தில் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தின்மேல் படைத்தலைமையகம் அமைந்தது. தோற்றவனின் ஆயுதம் காட்சிப்பொருள். அவனைப் பெற்றவள் விளக்கேற்ற வேண்டிய கல்லறை வெறும் நிலம்! இறுதிப் போரில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறிற்று. அவர்களுக்கு அந்தப் பார்வையிடல் வழியில் ஒரு கல்லேனும் உண்டா?

இதனால் தென்னிலங்கையின் ஏழைக்கு ஏதேனும் நன்மை விளைந்ததா என்றால் அதுவுமில்லை. வீரன் புகழப்படுகிறான். அவன் ஊரில் பிழைப்புக்கு வழி இருந்ததா, நிலம் இருந்ததா, படையில் சேராதிருக்க வேறு போக்கிருந்ததா என்று கேட்கப்படுவதில்லை. ஏழையின் பிள்ளையை ஏழையின் பிள்ளைக்கு எதிரே நிறுத்திய அரசியல் அந்தச் சிலையின் பீடத்துக்குள் புதைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் எழுதியபின் நம்மை நோக்கியும் ஒரு வினா எழுப்பாவிடில் இத்திறனாய்வு நேர்மையுடையதாகாது. வழிகாட்டும் உரிமை நாளை நமது கைக்கு வருமாயின் நாம் எதைக் காட்டுவோம்? 1990 ஒக்டோபர் இறுதியில், சில மணிநேர அவகாசத்தில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்ட சோனகத் தெருவில் நமது பேருந்து நிற்குமா? பள்ளிப்பிள்ளைகளைப் படையில் சேர்த்த கதையை நமது வழிகாட்டி சொல்வானா? அல்லது அவனும் கொடியை மாத்திரம் மாற்றிப் பிடித்துக்கொண்டு அதே பரணியைப் பாடுவானா? மறுபக்கத்தின் மறதியைக் கண்டிக்கும் தகுதி, தன்பக்கத்து மறதியை ஒப்புக்கொள்பவனுக்கே உண்டு.

போர்க்களத்துக்கு எவரும் போகக்கூடாது என்பது என் கருத்தன்று. மாணவர் போகவேண்டும், போய்க் கேட்கவேண்டும். மும்மொழியிலும் ஒரே செய்தி எழுதப்பட்டிருக்கிறதா, இருதரப்பு இறந்தோருக்கும் இடமுண்டா, அவ்வூர் மக்கள் பேசுகிறார்களா, மௌனமாகப் பழம் விற்பதோடு நிறுத்தப்பட்டார்களா, அங்கு சேரும் பணம் யாருக்குப் போகிறது என்று ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும். 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர் திரண்டு எதிர்த்தனர். சில மாதங்களில் அது மீண்டும் எழுந்தது. கேட்கும் மக்கள் இருந்தால் கல்லும் திரும்பி வரும்.

நமது மரபில் பரணி மட்டும் இல்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஒரு பெண் இருக்கிறாள். காட்டில் வீழ்ந்த கணவனைத் தூக்க அவளுக்கு வலுவில்லை. வாய்விட்டு அழவும் புலிக்கு அஞ்சுகிறாள். இறந்தவனைத் தன் கையைப் பிடித்துக்கொண்டு சற்றே நடக்கும்படி வேண்டுகிறாள். மலைநிழலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட எண்ணுகிறாள். யார் வென்றது என்பது அவளுக்குப் பொருட்டில்லை. செயங்கொண்டாரின் பேய்களும் களத்தைக் கண்டன. வன்பரணரின் பெண்ணும் கண்டாள். ஆனையிறவில் அழுத சிங்களத் தாயும், பெயர் கேட்ட என் மாணவனும் அந்தப் பெண்ணின் வழியில் நிற்பவர்கள். அவர்களுக்காக ஒரு வழிகாட்டி இந்த நாட்டில் இன்னும் பேசத் தொடங்கவில்லை. அதுவரை அந்த வேலையை வகுப்பறைதான் செய்யவேண்டும்.