புதுக் கத்தரி, பழைய கீமோ

அரிவாள் செல் சோகைக்குக் காரணம் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதனால் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கின்றன. லைனஸ் பாலிங் குழு இதை ‘மூலக்கூறு நோய்’ என்று சொன்னது 1949-இல். மரபணுவைக் கத்தரிபோல வெட்டும் கிரிஸ்பர் நுட்பத்தில் உருவாகி உலகில் முதலில் அனுமதி பெற்ற சிகிச்சையான காஸ்ஜெவி இந்த நோய்க்கு வந்தது 2023-இல்; நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தன.

இதில் வேடிக்கை, அந்தப் பிழையைக் காஸ்ஜெவி தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நமக்கெல்லாம் வேறொரு ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிடும். சிலருக்கு மட்டும் அது பரம்பரையாகவே அடங்காது. அவர்களை அரிவாள் செல் நோய் அவ்வளவாக வாட்டுவதில்லை. இந்தக் குறுக்குவழியைத்தான் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். நோயாளியின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, அதில் பி.சி.எல்.11ஏ-யை முடுக்கும் பகுதியை வெட்டிவிட்டால் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உற்பத்தியாகிறது. ஓர் எழுத்தைப் பிசகாமல் திருத்துவது கடினம், ஒன்றைக் கெடுப்பது சுலபம் என்பதால், நேரடித் திருத்தத்தைவிட இதுவே கெட்டிக்காரத்தனம் என்பேன். சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடும் வலி வரவில்லை.

வெட்டிய செல்கள் மீண்டும் உடம்பில் குடியேற வேண்டுமே, சிக்கல் அங்கேதான். எலும்பு மஜ்ஜையில் இடம் காலியானால்தான் அவை வேரூன்றும். அதற்குக் கொடுப்பது புசல்ஃபான் என்ற பழைய கீமோ. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், எதிர்ப்புச் சக்தி அற்றுப்போய் வாரக்கணக்கில் தனியறையில் கிடக்க வேண்டும். குழந்தைப்பேறே கேள்விக்குறியாகலாம் என்பதால் கருமுட்டையையோ விந்தையோ முன்கூட்டிச் சேமிப்பது பற்றிப் பேசுகிறார்கள். 2023-இல் அனுமதித்தபோது சிகிச்சைக்கான குறைந்தபட்ச வயது 12. அந்த வயதுப் பிள்ளைக்கு இதை யார், எப்படி விளக்குவது? ‘நோய் போயே போச்சு’ என்று எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். கத்தரி வேண்டாத இடத்தில் வெட்டியதா என்பது தெரியவும் பல ஆண்டுக் கண்காணிப்பு தேவை.

அமெரிக்காவில் இதன் அறிமுக விலை 22 லட்சம் டாலர். நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே இருக்கிறார்கள். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடும்பத்துக்கு இன்றும் பயன்படக்கூடியது ஹைட்ராக்சியூரியாதான். அது குணமாக்காது, ஆனால் விடாமல் சாப்பிட்டால் வலி குறையும், ஆயுள் கூடும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் இயக்கத்தின் இலக்கு 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது. பரிசோதித்து முடிவு அட்டை கொடுத்தால் ஆயிற்றா? மாத்திரை மாதாமாதம் மலையேற வேண்டும்.

டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் மலிவான உள்நாட்டுக் கத்தரிக்கு உழைக்கிறது. நல்லதுதான். ஆனால் கத்தரி மலிவானாலும் கீமோவும் தனியறையும் அப்படியே நிற்கும். அவற்றைத் தவிர்க்க உடம்புக்குள்ளேயே திருத்த வேண்டும். 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தையின் கல்லீரல் மரபணுவை, மருந்தைக் கொழுப்புத் துளிகளில் வைத்து ரத்தநாளத்தில் ஏற்றியே திருத்தினார்கள். கல்லீரல் அத்துளிகளைத் தானாக இழுத்துக்கொள்ளும், எலும்பு மஜ்ஜை அப்படியல்ல. ஆராய்ச்சிப் பணத்தை நான் அந்தத் தடையில்தான் கொட்டுவேன், இன்னும் கூரான கத்தரியில் அல்ல.