இரட்டை வாண்மை என்னும் கூட்டல் கணக்கு: வளர்ந்தோர் தொழிற்கல்வி ஆசிரியர் பற்றிய இங்கிலாந்து ஆவணங்கள் (2012–2014) – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

2012 அக்டோபர் முதல் 2013 மார்ச் வரையிலான ஆறு மாதங்களில், தொழிற்கல்வி ஆசிரியரின் தகுதியையும் கற்பித்தலையும் பற்றிய மூன்று ஆவணங்கள் இங்கிலாந்தில் வெளிவந்தன. 2014இல் புதிய வாண்மைத் தரங்களும் வகுக்கப்பட்டன. தொழிலறிவும் கற்பித்தல் அறிவும் ஒருங்கே அமைந்த 'இரட்டை வாண்மையாளர்' என்னும் கருத்து இவ்விவாதத்தின் மையத்தில் நிற்கிறது. இவ்விரண்டின் கூட்டலுள் அடங்காத மூன்றாவதோர் அறிவு தொழிற்கல்வி ஆசிரியரிடம் உண்டு என்பதையும், அதனை ஆய்வுப்பொருளாக்கும் பொறுப்பும் நேரமும் ஆசிரியருக்கு வழங்கப்படவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்கல்வி, வாண்மைத்துவம், இரட்டை வாண்மையாளர், தொடர்கல்விக் கல்லூரி, ஆசிரியர் ஆய்வு.

முன்னுரை

தமிழில் 'தொழில்' என்னும் சொல் உழவையும் குறிக்கும், தச்சையும் குறிக்கும், மருத்துவரின் பணியையும் வழக்கறிஞரின் பணியையும் குறிக்கும். ஆங்கிலமோ கைத்தொழிலுக்கு ஒரு சொல்லையும், நெடிய கல்வியும் தன்னாட்சியும் உடைய பணிக்கு வேறொரு சொல்லையும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே மதிப்பின் ஏற்றத்தாழ்வையும் பேணி வந்துள்ளது. கைத்தொழில் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டாம் வகைப் பணியாளராக மதிக்கப்பட வேண்டுமா என்பதே அங்கு நிகழ்ந்த விவாதம். அதனைத் 'தொழிற்கல்வி ஆசிரியரின் தொழில்முறைத் தன்மை' என்று தமிழில் எழுதினால் விவாதத்தின் முரணே மறைந்துவிடும். ஈழத்துக் கல்வியியல் எழுத்தில் நிலைபெற்றுள்ள 'வாண்மை', 'வாண்மைத்துவம்' ஆகிய சொற்கள் இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கின்றன. தமிழகக் கல்வியியல் துறைகள் அவற்றை ஏற்கத் தயங்குவதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை. இக்கட்டுரை அவற்றையே ஆள்கிறது.

உரிமத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோர்க்கும் வளர்ந்தோர்க்கும் தொழிற்கல்வி அளிப்பவை பெரும்பாலும் தொடர்கல்விக் கல்லூரிகளே. அவற்றில் கற்பிக்கப் பயிற்சித் தகுதி கட்டாயம் என்னும் விதி 2001இல்தான் வந்தது. அதற்கு முன்னர், நல்ல மின்பணியாளர் நல்ல மின்பணி ஆசிரியராகவும் இருப்பார் என்னும் நம்பிக்கையே போதுமானதாகக் கருதப்பட்டது. 2003இல் கல்வி ஆய்வகமான ஆஃப்ஸ்டெட் இப்பயிற்சியை மதிப்பிட்டு, அது நிறைவளிக்கவில்லை என அறிவித்தது. பயிற்சி பெறுவோர் தத்தம் துறையை எவ்வாறு கற்பிப்பது என்பதைக் கற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது அம்மதிப்பீட்டின் முதன்மையான குறைகளுள் ஒன்று. பின்வந்த ஆவணங்கள் இக்குறையை உரிய அளவில் கருத்திற் கொண்டிருந்தால் விவாதம் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

2007ஆம் ஆண்டின் விதிகள் உரிமத்தை மேலும் இறுக்கின. ஆசிரியர்கள் கற்றலுக்கான நிறுவனம் என்னும் வாண்மை அமைப்பில் பதிவு செய்யவும், முழுநேரப் பணியினர் ஆண்டுக்கு 30 மணி நேரம் வாண்மை வளர்ச்சியில் ஈடுபட்டதைக் காட்டவும் வேண்டியதாயிற்று. அரசின் நிதி நின்று, உறுப்பினர் கட்டணத்தை ஆசிரியரே செலுத்த வேண்டும் என்ற நிலை 2011இல் எழுந்தது. முதலில் 68 பவுண்டு, பின்னர் 38 பவுண்டு எனக் கேட்கப்பட்ட அக்கட்டணத்தை ஆசிரியர் சங்கம் புறக்கணித்தது. தம் வாண்மையின் காவலர் எனச் சொல்லிக்கொண்ட அமைப்புக்கு 38 பவுண்டு தரவும் ஆசிரியர்கள் உடன்படவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மேலிருந்து வழங்கப்பட்ட உரிமத்தை அவர்கள் தம்முடையதாகக் கருதவில்லை.

இப்பூசலின் விளைவாக அமைந்த லிங்ஃபீல்ட் பிரபுவின் குழு, 2012 அக்டோபரில் இறுதி அறிக்கையை அளித்தது. தகுதி பற்றிய முடிவைச் சட்டத்தின் கையிலிருந்து எடுத்துக் கல்லூரிகளின் பொறுப்பில் விடுவதே அதன் நிலைப்பாடு. 2013இல் 2007ஆம் ஆண்டின் விதிகள் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டே கற்றலுக்கான நிறுவனமும் மூடப்பட்டது. கல்வி மற்றும் பயிற்சி அறக்கட்டளை என்னும் புதிய அமைப்பு அதன் எச்சங்களைப் பெற்றுக்கொண்டது.

கூட்டல் கணக்கு

உரிமம் கரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் கற்பித்தல் பற்றிய மிகச் செறிவான இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஒன்று, 2012 டிசம்பரில் பில் லூகாஸ், எல்லன் ஸ்பென்சர், கை கிளாக்ஸ்டன் ஆகியோர் எழுதிய தொழிற்கல்விக் கற்பித்தல் கோட்பாட்டு நூல். மற்றது, ஃபிராங்க் மெக்லாஃப்லின் தலைமையிலான வளர்ந்தோர் தொழிற்கல்வி ஆணையம் 2013 மார்ச்சில் அளித்த அறிக்கை.

ஆணையத்தின் அறிக்கை மூன்று உருவகங்களின் மேல் நிற்கிறது. கல்லூரிக்கும் தொழிலகத்துக்கும் இடையே போக்கும் வரவும் நிகழும் 'இருவழிப் பாதை' ஒன்று. கற்போர்க்கு வேலை தெளிவாகத் தெரியும் 'பார்வைக் கோடு' மற்றொன்று. மூன்றாவது, ஆசிரியர் 'இரட்டை வாண்மையாளர்' என்பது. மூன்றும் கவர்ச்சியானவை, கொள்கை வகுப்போரின் நாவில் எளிதில் ஏறக்கூடியவை. மூன்றாவது உருவகம் 2014ஆம் ஆண்டின் தரங்களிலும் இடம்பெற்று நிலைத்துவிட்டது.

இரட்டை என்னும் சொல் ஒரு கணக்கை உள்ளடக்கியுள்ளது: தொழிலறிவு ஒன்று, கற்பித்தல் அறிவு ஒன்று, கூட்டினால் ஆசிரியர். இக்கணக்கு இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் முதலியவற்றில் ஐ.டி.ஐ. பயிற்றுநர்க்கு நடைபெறும் ஓராண்டுப் பயிற்சித் திட்டமும் தொழில் சார்ந்த பாடங்களை ஒருபுறமும், பயிற்சி முறையியலை மறுபுறமும் தனித்தனித் தாள்களாகவே வைத்துள்ளது. இரண்டும் பயிற்றுநரின் மனத்துள் தாமாகவே கலந்துகொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

இடிப்பதற்காகக் கட்டப்படும் சுவர்

இங்கிலாந்தின் கல்லூரிப் பணிமனைகளில் கொத்துவேலை கற்போர் கட்டும் சுவர்கள் பயிற்சி முடிந்ததும் இடிக்கப்படுகின்றன. அதற்காகவே அங்குச் சிமெண்டு சேராத சுண்ணாம்பு–மணல் கலவை பயன்படுத்தப்படுகிறது. இடித்தபின் செங்கல்லைத் துடைத்து அடுக்கலாம். கலவையை நீர்விட்டு மீண்டும் குழைக்கலாம். லூகாஸ் குழுவினர் ஆசிரியர் எடுக்கும் முடிவுகளைப் பத்து அளவுகோல்களில் வரிசைப்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று, பயிற்சி உண்மையானதா செயற்கையானதா என்பது. அவ்வளவுகோலில் இச்சுவர் செயற்கையின் ஓரத்தில்தான் நிற்கும். 'செயற்கை' என்னும் பெயரே அதனைக் குறையாகக் காட்டிவிடுகிறது.

ஆனால் அச்சுவரில் எது நீக்கப்பட்டுள்ளது, எது நீக்கப்படவில்லை என்று நோக்க வேண்டும். மழை இல்லை, சாரம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, இறுகிவிடும் கலவையின் அவசரம் இல்லை. அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கு வழங்கும் செங்கல்லின் உயரம் 65 மில்லிமீட்டர்; இணைப்பு 10 மில்லிமீட்டர்; ஆக ஒரு வரிசைக்கு 75. ஒவ்வோர் இணைப்பிலும் 2 மில்லிமீட்டர் கூடினால் பத்தாவது வரிசையில் சுவர் 20 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் காட்டும் பிழையைக் கற்பவர் தம் கண்ணாலேயே கண்டு, அச்சுவரைத் தம் கையாலேயே இடிக்கிறார். பிழையின் விலை குறைக்கப்பட்டுள்ளது. பிழையின் தெளிவு குறைக்கப்படவில்லை. இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. சுண்ணாம்புக் கலவையின் நிதானத்துக்குப் பழகிய கை, சிமெண்டுக் கலவையின் முன் பின்தங்கும். எந்தக் கட்டத்தில் ஒருவரைச் சிமெண்டுக்கு மாற்றுவது என்பதை ஆசிரியர்தாம் முடிவு செய்ய வேண்டும். பத்தாண்டுகள் கட்டுமானக் களத்தில் கரண்டி பிடித்துவிட்டு, மேற்பார்வையாளர் சான்றிதழுக்காக வரும் நாற்பது வயதினர்க்கு அம்முடிவு வேறாக இருக்கும். அவர் விரைவை மறக்க வேண்டியிருக்கிறது. வளர்ந்தோர் கல்வியின் தனித்த சிக்கல் இது. ஆணையத்தின் பெயரில் 'வளர்ந்தோர்' இருப்பினும், பழகிய பழக்கத்தைக் களைதல் என்பது அதன் அறிக்கையில் மையப் பொருளாகவில்லை.

வேலையை எங்கே பிரிப்பது, எதை நீக்கிக் கற்பிப்பது, நீக்கியதை எப்போது திரும்பச் சேர்ப்பது என்னும் இவ்வறிவு, களத்தில் மட்டும் வேலை செய்த கொத்தனாரிடம் இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. பொதுக் கற்பித்தல் முறையியல் கற்றவரிடமும் அது இல்லை. இரண்டையும் கூட்டினாலும் அது கிடைப்பதில்லை. 2003இல் ஆஃப்ஸ்டெட் சுட்டிய குறை இதுவே.

இத்தகைய அறிவு கல்லூரிக்கு வெளியிலும் உண்டு. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு நூல் லைபீரியத் தையற்காரரிடம் தொழில் பழகுவோரை விளக்குகிறது. ஆடை உருவாகும் வரிசை வெட்டுதல், தைத்தல், முடிவுவேலை என்பது. பழகுவோர் கற்கும் வரிசையோ தலைகீழானது; முடிவுவேலையில் தொடங்கி, தையலுக்குச் சென்று, இறுதியில்தான் கத்தரியைத் தொடுகின்றனர். தமிழகத் தையற்கடைகளில் காஜா எடுப்பதிலும் பொத்தான் கட்டுவதிலும் பழகுநரைத் தொடங்கவைக்கும் வழக்கமும் இத்தகையதே. துணியை வீணாக்கும் ஆபத்து குறைவான இடத்தில் தொடங்கி, முழு ஆடையும் எவ்வாறு அமைகிறது என்பதைக் கண்டபின் வெட்டுக்குச் செல்லும் இவ்வரிசையை எவரோ, எப்போதோ, சிந்தித்தே அமைத்திருக்க வேண்டும். அச்சிந்தனைக்குப் பாடநூல் இல்லை.

பார்வைக் கோட்டின் தடைகள்

பார்வைக் கோடு என்னும் உருவகத்தையும் இதே நூலைக் கொண்டு சோதிக்கலாம். தையற்காரர்க்கு எதிரான சான்றாக லேவும் வெங்கரும் அமெரிக்க இறைச்சி வெட்டுநரை எடுத்துக்காட்டுகின்றனர். அங்காடிகளில் பழகுநர்கள் இறைச்சியைப் பொதியும் இயந்திரத்தருகே நிறுத்தப்பட்டனர். தேர்ந்தவர்கள் வெட்டும் மேசை அவர்கள் பார்வைக்கே எட்டவில்லை. தொழிற்பள்ளியோ அங்காடிக்குத் தேவையற்றுப்போன வெட்டு முறைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தது. பள்ளி பழமையில் நின்றது என்பது எதிர்பார்க்கத்தக்கதே. வேலையிடமே வேலையை மறைத்தது என்பதுதான் ஆணையம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி. வேலையிடத்துக்கு அனுப்பிவிட்டாலே வேலை கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. பணிபுரிவோர் வாரத்தில் சில மணி நேரம் கற்பிக்க முன்வர வேண்டும் என்னும் ஆணையத்தின் பரிந்துரை வரவேற்கத்தக்கதே. ஆயினும், வருபவர் தம் வேலையை எவ்வாறு பிரித்துக் காட்டுவது என்பதை அறிந்தவரா என்னும் வினா எஞ்சுகிறது.

வேலையிடம் கற்பிப்பவற்றுள் வேண்டாதனவும் உண்டு. ஹெலன் காலியும் உடனாய்வாளரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, குழந்தைக் காப்புப் பயிற்சி பெறும் இளம்பெண்கள் எத்தகைய மனப்பாங்குக்குப் பழக்கப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்தது. பொறுமையும் இனிமையும் திறன்களாகக் கற்கப்படும்போதே வர்க்கமும் பாலினமும் சார்ந்த ஓர் இருக்கைக்கு அவர்கள் பொருத்தப்படுகின்றனர் என அது காட்டிற்று. வேலைக்குரிய பண்புகளை நன்மையென்று மட்டுமே பேசும் அறிக்கைகளின் அருகில் இக்கட்டுரையையும் வைத்துப் படிப்பது நலம்.

ஆய்வு எவருடையது

காலியின் கட்டுரை, தொடர்கல்விக் கல்லூரிகளின் கற்றல் பண்பாடுகளை 2001 முதல் 2005 வரை ஆராய்ந்த பெருந்திட்டத்திலிருந்து பிறந்தது. டேவிட் ஜேம்ஸ், கெர்ட் பியெஸ்டா ஆகியோர் 2007இல் அதன் முடிவுகளை நூலாக்கினர். அத்திட்டத்தில் கல்லூரி ஆசிரியர்களும் பங்கேற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. பணி விவரத்தில் இல்லாத, மேலாண்மையின் கண்ணில் படாத பெரும் உழைப்பால்தான் பல வகுப்புகள் தாங்கி நிற்கின்றன என்பது அதன் கண்டறிதல்களுள் ஒன்று. மூன்றாவது அறிவு என இங்குக் கூறப்படுவதன் பெரும்பகுதி அக்காணாத உழைப்பினுள் கிடக்கிறது.

ஆணையமும் தொழிற்கல்விக்கெனத் தேசிய ஆய்வு மையம் ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2015இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் தொழிற்கல்வி ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டதும் உண்மை. ஆனால் அது பொருளியலாளரின் மையம்; எந்தத் தகுதி எவ்வளவு ஊதியத்தைப் பெற்றுத் தருகிறது என்பது போன்ற வினாக்களே அதன் களம். அவ்வினாக்கள் தேவையற்றவை அல்ல. எனினும் ஊதிய வேறுபாட்டுத் தரவுகளிலிருந்து சுண்ணாம்புக் கலவையை எப்போது கைவிடுவது என்பதற்கு விடை பெற இயலாது.

2014ஆம் ஆண்டின் இருபது தரங்களுள் ஆய்வு பற்றிய தரத்தின் வினைச்சொற்கள் கவனத்துக்குரியவை. கல்வி ஆய்வு பற்றிய தம் அறிவை ஆசிரியர் பேணவும் புதுப்பிக்கவும் வேண்டும். அதன்வழிச் சான்று சார்ந்த கற்பித்தலை வளர்க்க வேண்டும். இங்கு ஆசிரியர் ஆய்வைப் பெறுபவர், ஆக்குபவர் அல்லர். இதே அறக்கட்டளைதான் சண்டர்லாந்து பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, பணியிலிருக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பையே ஆராயும் திட்டத்தையும் நடத்தியது. அத்திட்டத்தின் போக்கு தரத்தின் மொழியைவிட முற்போக்கானது. ஆனால் தரம் எல்லா ஆசிரியர்க்கும் உரியது. திட்டமோ தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கு உரியது.

2007ஆம் ஆண்டின் விதி கேட்ட 30 மணி நேரத்தில் ஒரு பகுதியையேனும் இத்தகைய பதிவுக்கென ஒதுக்கியிருக்க இயலும். கொத்துவேலை ஆசிரியர் ஒருவர் தம் பயிற்சிகளின் வரிசையையும், அவ்வரிசைக்கான காரணத்தையும், எந்தப் பிழையை எந்த வாரம்வரை பொறுத்துக்கொண்டார் என்பதையும் எழுதி, வேறொரு கல்லூரியின் கொத்துவேலை ஆசிரியர் அதைப் படித்து மறுத்திருந்தால், அங்கே ஆய்வு தொடங்கியிருக்கும். விதி மணிகளை எண்ணியது. அம்மணிகளுள் என்ன நிகழ்ந்தது என்பதைக் கல்லூரிக்குக் கல்லூரி விட்டுவிட்டது. 2013க்குப் பின் எண்ணிக்கையும் கட்டாயமாக இல்லை. ஆசிரியரின் கால அட்டவணையில் அப்பதிவுக்கான கட்டம் இன்னும் வரையப்படவில்லை.