மூன்று சுழி உடையாத எழுத்து

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அடுக்ககங்களில், கதவை ஒட்டி ஒரு தேக்குப் பலகை தொங்குவதை இன்றும் பார்க்கலாம். வீட்டுக்காரர் பெயர் இருக்கும், அல்லது ‘முருகன் துணை’ இருக்கும். முன்பு ஆசாரி பென்சிலால் வரைந்து உளியால் செதுக்கிய எழுத்தை இப்போது பெரும்பாலும் கணினி இயக்கும் வெட்டுப்பொறியான சி.என்.சி. ரவுட்டர் செதுக்குகிறது. அதனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஆசாரியின் கையைவிட்டு, கணினிப் பட்டியலில் முதலில் கண்ணில் படும் எழுத்துருவிடம் போய்விட்டது. பலகைகள் பொலிவிழந்து கிடப்பதற்கு மரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

‘முருகன் துணை’யையே உரைகல்லாக வைத்துக்கொள்வோம். ஆறே எழுத்து. உகரம் மூன்று இடத்தில் வருகிறது. மு, ரு, து என்று மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. ஒரு புள்ளி. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’, ஓர் இணைக்கொம்பு. இவை மரத்தில் ஒழுங்காக நின்றால் பெரும்பாலான தமிழ்ப் பெயர்கள் நிற்கும்.

முதல் போட்டியாளர் லதா. விண்டோஸ் கணினிகளில் பல ஆண்டுகள் நம்மை முதலில் எதிர்கொண்ட தமிழ் எழுத்துரு இதுதான். இந்த நகரத்தோடு அதற்கு உறவும் உண்டு: அதை உருவாக்கும் பணிக்கு வழிகாட்டியவர் மும்பையில் எழுத்துக்கலை கற்பித்த ஆர்.கே. ஜோஷி. கணினித் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று செய்த எழுத்து அது. அந்த வேலையைச் சரியாகச் செய்தது. மரம் கேட்பது வேறு. பலகை வெட்ட ரவுட்டரில் வழக்கமாக வி வடிவ முனையைப் பூட்டுவார்கள். 90 பாகை முனை என்றால் கோட்டின் அகலத்தில் பாதிதான் ஆழம். 6 மி.மீ. அகலக் கோடு 3 மி.மீ. இறங்கும், 1.5 மி.மீ. கோடு முக்கால் மி.மீ.தான் இறங்கும். அதன்மேல் உப்புத்தாள், சீலர், பிறகு இரண்டு மூன்று கை மெலமைன் பாலிஷ். முக்கால் மி.மீ. பள்ளத்தில் மிஞ்சுவது ஒரு கீறல். லதாவின் கோடு மெலிது, சுழிகள் சிறியவை. வீட்டுக் கதவருகே தொங்கும் சிறு பலகையில் அது தோற்கிறது.

தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் புத்தக எழுத்துகளை விரும்புவோர் உண்டு. கி.பி. 113இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூணின் கல்லெழுத்தை அவர்கள் சான்று காட்டலாம். அதிலும் தடித்த கோடும் மெல்லிய கோடும் உண்டு. அதுவும் வி வடிவில் வெட்டியதுதான். உலகமே அதன் அழகைக் கொண்டாடுகிறது. வலுவான வாதம்தான். ஆனால் அந்த எழுத்துகளில் நேர்கோடுகளும் அகன்ற வளைவுகளுமே அதிகம்; தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடும் மிதமானது. தமிழில் மெலிவு பெரும்பாலும் சுழி தொடங்கும் இடத்திலோ கோடு திரும்பும் இடத்திலோ விழுகிறது. ‘ண’வை ‘ண’வாக்கும் இடம் எதுவோ அங்கேயே பள்ளம் ஆழமற்றுப் போகிறது. நான்கடி தள்ளி நின்று பார்த்தால் எழுத்து துண்டு துண்டாகத்தான் தெரியும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை முன்மாதிரியாகச் சொல்வோரின் வாதம் இன்னும் கவனத்துக்குரியது. வெட்டுவதற்கென்றே வளர்ந்த எழுத்து, அதனால் மரத்துக்கும் பொருந்தும் என்கிறார்கள். ஆனால் கருங்கல்லில் ரேகை இல்லை. உளி எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான். மரத்தில் ரேகையோடு போகும் கோடு ஒரு மாதிரி, குறுக்கே போகும் கோடு வேறு மாதிரி. மேலும் ராஜராஜன் காலத்து எழுத்தைப் பயிற்சி இல்லாமல் இன்று வாசிக்க முடியாது. தபால்காரருக்குப் புரியாத பெயர்ப்பலகை பெயர்ப்பலகை ஆகாது. அங்கிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது அந்தக் கோட்டின் சீரான தடிமன். தூரிகை வீச்சில் எழுதிய சினிமாத் தலைப்பு எழுத்துகளில் அதுகூட இல்லை. அவை சுவருக்கும் துணிக்கும் உரியவை.

இனி மூன்று சுழிக்கு வருவோம். எழுத்தின் உயரம் 25 மி.மீ. என்றால் கோட்டுக்கு மூன்று, மூன்றரை மி.மீ. போக, ஒவ்வொரு சுழிக்குள்ளும் மிஞ்சும் மரம் ஒரு பயறளவு. சுற்றிலும் வெட்டுப்பட்டு, ரேகையில் ஒட்டிக்கொள்ள நீளமில்லாமல் நிற்கும் அந்தத் துணுக்கு, முனை சுற்றும் அதிர்விலேயே பெயரலாம். தப்பித்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரத்தில் மரம் ஊதி, பிறகு சுருங்கும்போது சில்லாக விழலாம். ஒரு சுழி போனால் ‘துணை’ ‘துனை’ ஆகிவிடும். ரமணி ரமனி ஆகிவிடுவார். ஆகவே ‘ண’வோ ‘ழ’வோ உள்ள பெயருக்கு 50 மி.மீ.க்குக் குறைந்த உயரம் கூடாது. பலகையில் அவ்வளவு இடமில்லை என்றால் தலைப்பெழுத்தையும் பட்டத்தையும் குறைக்கலாம்; எழுத்தைக் குறைக்கக் கூடாது. புடைப்பெழுத்தில் இந்த ஆபத்து இடம் மாறுகிறது. அங்கே எழுத்தின் கோடே மரமாக எழுந்து நிற்பதால், ரேகைக்குக் குறுக்கே போகும் மெல்லிய பகுதி உடையும். பெரிய சங்கப் பலகைக்கோ கோயில் வாசலுக்கோ தடித்த எழுத்தில் அது சிறக்கும். வீட்டுக்குக் குழிவெட்டே சரி.

அப்படியானால் எந்த எழுத்து? என் தேர்வு முக்த மலர். மும்பையில் இயங்கும் எக் டைப் குழுவினர் உருவாக்கியது. கோடு ஏறக்குறைய ஒரே தடிமன், சுழிகள் திறந்தவை, பல தடிமன்களில் கிடைக்கிறது, இலவசம். நடுத்தரத்தைவிட ஒரு படி தடித்ததை எடுத்தால் ‘மு’வின் வளைவும் ‘து’வின் கீழ்க்கோடும் ஒரே ஆழத்தில் இறங்குகின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரனும் இதற்கு நெருக்கமாக நிற்கிறது. இன்னும் இறுக்கமான, நவீனமான தோற்றம் வேண்டுவோர் அதை எடுக்கலாம். எதை எடுத்தாலும் வெட்டும் முன் ‘ண’வின் சுழிகளைக் கணினியிலேயே சற்று அகட்டச் சொல்ல வேண்டும். புள்ளியை எழுத்துரு தரும் அளவிலேயே விடாமல், கோட்டின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான துளையாகப் போட்டால் பாலிஷில் மூடாது.

கடைப்பலகைக்கு இந்தத் தீர்ப்பு மாறும். மகாராஷ்டிரத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தப்படி கடைப்பெயர் மராத்தி மொழியில், தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற எழுத்தைவிட அது சிறியதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நிறைவேற்ற இரண்டு மாத அவகாசம் தந்தது. தமிழையும் ஆங்கிலத்தையும் வைக்க விரும்பும் தாராவிக் கடைக்காரர் ஒரே பலகையில் மூன்று எழுத்தை அடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றையும் மூன்று இடத்திலிருந்து எடுத்தால் ஒன்று கத்தும், ஒன்று முணுமுணுக்கும். இங்கே எக் டைப்பின் அனேக் வரிசையே மேல்: தமிழ், தேவநாகரி, ஆங்கிலம் மூன்றும் ஒரே குடும்பம், தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீண்ட தமிழ்ப் பெயரை உயரம் குறையாமல் ஒடுக்கிக்கொள்ள முடிகிறது.

மிச்சமிருப்பது ‘ணை’. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பே ஊரைவிட்டு வந்த குடும்பங்களில், இணைக்கொம்புக்குப் பதிலாகத் தும்பிக்கைபோல் வளையும் தாத்தா காலத்து ‘ணை’தான் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பதற்குத் தடையில்லை. மரத்துக்கும் கெடுதலில்லை, இணைக்கொம்பின் இரு சுழிகள் மிச்சமாகின்றன. மேலே தும்பிக்கைக்கு இடம் விட வேண்டும், அவ்வளவே. ஆனால் இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலானவை அந்த வடிவத்தைத் தருவதில்லை. ஒட்டுப்போட்டுச் செய்தால் ஒட்டு தெரியும். அதைக் கேட்பவர் ரவுட்டரை விட்டுவிட்டு, வரையத் தெரிந்த ஆசாரியைத் தேடிப் போவதே முறை. கூலி கூடும். ஆறு எழுத்தையும் அந்தப் பலகையின் ரேகை பார்த்து, சுழியை எங்கே அகட்ட வேண்டுமோ அங்கே அகட்டி அவர் வரைவார். முக்த மலரும் அந்த இடத்தில் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.