தள வடிவியல்: நாஞ்சில் நாட்டு மரபும் தரமும்

நம் மன்றத்தின் மலருக்குத் தள வடிவியல் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்களே என்று தயங்கினேன். அந்த மூத்தவர்களே சொல்லி அனுப்பியது என்று அறிந்தபின் மறுக்க வழியில்லை. யூக்ளிட் யார், தேற்றம் எது என்றெல்லாம் இம்மன்றத்தாருக்கு நான் விளக்கப் போவதில்லை.

நான் அறிந்தவரை நம் ஊர்ப் பள்ளிகளில் மூன்று வழிகள். முதலாவது டாட்ஹண்டர் வழி. 1862-இல் வெளிவந்த அவருடைய யூக்ளிட் பதிப்பின் வரிசையும் எண்ணும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். என் ஆசிரியரின் ஆசிரியர்கள் அதில் வளர்ந்தவர்கள். அடுத்தது, 1903-இல் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் யூக்ளிடின் வரிசையை வற்புறுத்துவதைக் கைவிட்ட பிறகு வேரூன்றிய ஹால் - ஸ்டீவன்ஸ் பாடநூல் வழி. மனப்பாடம் குறைவு, தேற்றத்தைக் கொண்டு மாணவரே தீர்க்கும் ரைடர் அதிகம். மூன்றாவது, கவராயத்தையும் அளவுகோலையும் மட்டும் நம்பும் இன்றைய வழி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சார் முதல் வழியின் ஒழுங்கையும் இரண்டாம் வழியின் ரைடரையும் சேர்த்துப் பிடித்தவர். பெயர் சொல்லாமலே தெரிந்திருக்கும். அவரிடம் படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களும் இம்மன்றத்தில் நிறையப்பேர். யூக்ளிடின் முதல் நூலில் 28-ஆம் கூற்று வரை நிற்காமல் போவார். 29 வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். "இது வரைக்கும் இணைகோடு பற்றின ஐந்தாவது எடுகோளை யூக்ளிட் தொடவே இல்ல. ஏன்னு ரெண்டு நாள் யோசிச்சிட்டு வாங்க மக்களே."

மூன்றாம் நாள் கையில் கமுகம்பாளையோடு வருவார். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய பாளை. அதை மேசையில் விரித்து, ஆணியால் ஒரு முக்கோணம் கீறி, கோணங்களை எங்களை அளக்கச் சொல்வார். கூட்டினால் 180 பாகை, அந்த எடுகோள் இல்லாமல் நிறுவ முடியாத விடை. பிறகு பாளையைக் குழாயாகச் சுருட்டி, "இப்போ கோடு நீண்டிச்சா? கோணம் மாறிச்சா?" என்பார். இரண்டும் இல்லை. சுருண்டாலும் அது உள்ளுக்குள் தளம்தான். அடுத்து பூகோள உருண்டை. வடமுனையிலிருந்து செங்கோணத்தில் பிரியும் இரண்டு நூல்கள் நிலநடுக்கோடு வரை, அங்கே அவற்றை இணைக்கும் மூன்றாவது நூல். மூன்று மூலையும் செங்கோணம், கூட்டினால் 270. பாளையை அந்த உருண்டையில் ஒட்டவைக்கச் சொல்வார். ஓரம் மடங்கும், இல்லாவிட்டால் கிழியும். காஸ் 1827-இல் நிறுவிய உண்மை அது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் எடுகோளை மற்றவற்றிலிருந்து வருவித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டு முயன்றார்கள். 1733-இல் சக்கேரி அதை மறுத்துப் பார்த்து, முரண்பாடு கண்டுவிட்டதாக நம்பினார். 1829-இல் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் போயாயும் அதை மறுத்தே, முரண்பாடு எதுவும் தட்டுப்படாத வேறொரு வடிவியலை எழுப்பிக் காட்டினார்கள். அதனால் தளத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. தெக்கார்த் 1637-இல் எண்களைக் கொண்டு வந்து பரப்பியது தளத்தின் மேல். வளைந்த பரப்பை ஆராய்பவரும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தொடுதளத்தை வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்.

தளம் எவ்வளவு தூரம் போதும் என்பதற்குச் சாட்சி நம் குமரி மாவட்டத்திலேயே உண்டு. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையில், வடக்கு தெற்காக நீண்ட அவருடைய நெடுவில்லின் (Great Arc) தென்கோடி குமரிமுனைக்குப் பக்கத்தில் அமைந்தது. நிலம் உருண்டை என்பதால், ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி வீதம் முக்கோணத்தின் கோணக் கூட்டுத்தொகை 180-ஐ மிஞ்சும். நம் மாவட்டம் முழுவதும் ஒரே முக்கோணமானாலும் மிகை எட்டரை விநாடியைத் தாண்டாது. ஒரு பாகைக்கு 3,600 விநாடி. வயலை அளக்கிறவருக்குத் தளமே போதும், லாம்டனுக்குப் போதவில்லை. எங்கே போதும், எங்கே போதாது என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தந்தவர் எங்கள் சார்.

இன்றைய நிலையைச் சொல்லும்போது யாரையும் குறித்துச் சொல்லவில்லை. உழைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று எண்ணி, அந்த 16-ஐ மட்டும் கை பழக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தொடுகோடு ஏன் ஆரத்துக்குச் செங்குத்து என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பரிசுத் தேர்வுக்கு நடுவராக அமர்ந்தேன். கோணமானியால் மூன்று கோணத்தையும் அளந்து, கூட்டி, "ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிய தாளுக்கு முழு மதிப்பெண். நான் ஆட்சேபித்தேன், விடை சரிதானே என்றார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அளந்ததற்கும் நிறுவியதற்கும் வேற்றுமை தெரியாமல் வளரும் பிள்ளை நாளை பத்திரத்தை எப்படி வாசிக்கும்? சாட்சியை எப்படி எடைபோடும்? வரப்புத் தகராறில் எது நியாயம் என்று எப்படித் தேறும்? இந்த ஊரின் சிந்தனையே ஆட்டம் காண்கிறது என்பேன். மிகையென்று இளையவர்கள் சொல்லட்டும், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளையை 29-ஆம் கூற்றுக்கு ஒதுக்குங்கள். பாளை நம் தோப்பிலேயே விழுகிறது. முதல் நூலின் 48 கூற்றுகளும் சாரின் கையெழுத்தில் உள்ள நோட்டு என்னிடம் இருக்கிறது. படியெடுக்க விரும்பும் ஆசிரியர்கள் மாதக் கூட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.