தூரம் யார் கணக்கில்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: ஓர் இடத்தில் வரவு எழுதினால், இன்னோர் இடத்தில் பற்று எழுதியே ஆகவேண்டும். இந்தக் கண்ணோடு சென்னையின் போக்குவரத்துத் திட்டங்களைப் பாருங்கள். கணக்கு உதைக்கும்.

2000-ல் தொடங்கி, கூவம் கரை, கால்வாய்க் கரை என்று ஊர் நடுவே குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். சென்ட்ரலிலிருந்து 15 கிலோமீட்டருக்குக் குறையாது. நகரத்துக்கு ஆற்றங்கரை வரவு. சரி, தூரம்? அதை யார் தலையில் எழுதினார்கள்? மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்தவருக்கு வேலை மயிலாப்பூரில்தானே இருந்தது! வீடு மட்டும்தான் இடம் மாறியது.

அதே காலத்தில் பறக்கும் ரயிலும் வளர்ந்துகொண்டிருந்தது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. ஸ்டேஷன்களா அவை! நாலைந்து கல்யாண மண்டபங்களை அடுக்கிவைத்த மாதிரி. ஆனால், கீழே நிற்கும் பஸ்ஸோடு பேச்சுவார்த்தை கிடையாது. பஸ்ஸுக்குத் தனி டிக்கெட், ரயிலுக்குத் தனி டிக்கெட். இரண்டுக்கும் ஒரே டிக்கெட் என்று செல்போனில் ஆப் வந்தது 2025-ல்தான்.

காரணம், திட்டம் போடுகிறவர்கள் மனதில் இருக்கும் பயணி ஒரே ஆள்தான். டிபன் பாக்ஸோடு ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய், ஆறு மணிக்குத் திரும்புகிற ஆசாமி. போக ஒன்று, வர ஒன்று. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பயணம் அப்படியா? விடிவதற்குள் ஒரு வீடு, பத்து மணிக்கு இன்னொரு வீடு, நடுவே பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி. குட்டிக் குட்டியாக ஐந்தாறு பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் எடுத்தால் கையில் என்னதான் மிஞ்சும்?

2021 மே மாதம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். 'ஓசி டிக்கெட்' என்று கிண்டலடித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. அது தானம் இல்லீங்க. பழைய கடனில் கொஞ்சம் அடைத்தது, அவ்வளவுதான்.

டிக்கெட் இலவசம், சரி. பஸ் வரவேண்டாமா? டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு, சாதாரண பஸ்ஸுக்காகக் கால்கடுக்க நிற்கும் நேரத்தை எந்த லெட்ஜரில் எழுதுகிறோம்? சக்கர நாற்காலிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தது 2024-ல். அதுவும் மாற்றுத்திறனாளிகள் கோர்ட் படியேறிய பிறகு!

முடியாத காரியம் ஒன்றுமில்லை. கொலம்பியா நாட்டில் மெடெயின் என்று ஒரு நகரம். மலைச்சரிவு முழுக்க ஏழைகளின் வீடுகள். 2004-ல் அங்கே ரோப் கார் விட்டார்கள். நம் பழனியில் இருக்கிறதே, அந்த மாதிரி. சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்குப் போய்வர. கீழே மெட்ரோ ரயில் ஸ்டேஷனில் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். ஜனங்களைத் தூரத்தில் கொண்டுபோய் விடாமல், வண்டியை ஜனங்களிடம் கொண்டுபோனார்கள்.

அடுத்த முறை கலர் கலராக மேப் போட்டுக்கொண்டு புதிய திட்டத்தோடு யாராவது வந்தால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், காலையில அஞ்சு மணிக்குக் கண்ணகி நகர் பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்திருக்கீங்களா?"