வீரபாண்டி எஸ். ஆறுமுகம்: பதவியும் வழக்குகளும்

பனமரத்துப்பட்டி உள்ளிட்ட சேலம் மாவட்டத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாவட்டச் செயலாளராகப் பல்லாண்டுகள் இருந்தவர் வீரபாண்டி எஸ். ஆறுமுகம். 1996–2001, 2006–2011 ஆட்சிகளில் வேளாண்மைத் துறை அமைச்சர். இடைத்தரகரின்றி விவசாயிகளே விளைபொருளை விற்கும் உழவர் சந்தைத் திட்டம் 1999இல் இவரது பதவிக் காலத்தில் தொடங்கியது.

2011 தேர்தலில் சங்ககிரியில் தோற்றார். ஆட்சி மாறியபின் நில அபகரிப்புப் புகார்களில் கைதானார். 2012இல் சேலம் அங்கம்மாள் காலனி வழக்கையடுத்துக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அவ்வாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று காலமானார்.

கைதானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. தடுப்புக்காவல் ரத்தானதாலேயே புகார் பொய்யாகிவிடுவதும் இல்லை. இறந்தவர்மீது குற்ற விசாரணை தொடராது. உழவர் நலத் துறையை நடத்தியவர்மீதே நிலப் புகார் எழுந்ததால், அவரை மதிப்பிடுவோர் சந்தையையும் வழக்கையும் சேர்த்தே எழுதவேண்டும்.