வேரறுக்கும் நயம்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் காடுகளில் பல ஒரு காலத்தில் வயல்களாக இருந்தவை. 19ஆம் நூற்றாண்டில் உழவர்கள் நிலத்தைக் கைவிட்டு மேற்கே போனார்கள். வயலில் மேப்பிளும் ஓக்கும் பைனும் முளைத்தன. மரங்களுக்கு நடுவே ஓடும் கல்வேலிகளும், இடிந்த வீடுகளின் நிலவறைக் குழிகளும் இன்றும் இருக்கின்றன. மெட்டல் டிடெக்டரோடு அங்கே போகிறவர் தேடுவது 1793 முதல் 1857 வரை அச்சான பெரிய செப்பு சென்ட் நாணயத்தை. அது பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடக்கும். மரத்தின் சல்லிவேர் அடர்ந்து பரவுவதும் அதே ஆழத்தில்தான்.

ஆகவே அங்கே தோண்டுவதில் பாதி வேலை அறுப்பது. அதற்கென்று வந்த கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், செய்தவர்கள் வேரின் குணத்தை எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பது புரியும். சாதாரண மண்வாரியின் கூர்முனை வேரில் பட்டால் பக்கவாட்டில் வழுக்கிவிடும். வேருக்கென்றே செய்த மண்வாரியின் முனையோ தலைகீழ் ‘வி’ வடிவில் உள்வாங்கியிருக்கும். வேர் அந்தக் கவட்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. ஒரு மிதியில் துண்டாகிறது. ஒரு சின்ன வளைவுதான், வேலையையே மாற்றிவிடுகிறது.

ஜப்பானிய ஹோரி ஹோரி கத்திக்கு அலகு சற்றே குழிந்திருக்கும். ஒரு விளிம்பு வழவழப்பு, மறு விளிம்பில் பல். புல்தரையைக் கீறி மூடிபோல் எடுக்க வழவழத்த விளிம்பு. அடியில் தொங்கும் நார்வேரை இழுத்தறுக்கப் பல்விளிம்பு. கருவியை மாற்ற வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பினால் போதும்.

என் மனம் அதிகம் நிற்பது கவாத்துக் கத்தரியில். சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ 2 போன்றவற்றில் வெட்டும் அலகு எதிர் அலகை உரசிக் கடந்து போகும். தட்டையான பட்டையில் அலகு மோதி நிற்கும் கத்தரிகள் பச்சை வேரை நசுக்கும். ஃபெல்கோவோ சீவினாற்போல் வெட்டும். பிய்ந்த வேரைவிடச் சீராக வெட்டுப்பட்ட வேர் எளிதில் புதுவேர் விடும் என்பதால் மரத்துக்கும் இதுவே நல்லது. எதிர் அலகின் கொக்கி வளைவு வேரை நழுவவிடாமல் பிடிக்கிறது. அதிலுள்ள மெல்லிய பள்ளம் சாறு வழிந்தோட இடம் தருகிறது. பிடியின் சிவப்பு, சருகுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். ஒன்று மட்டும் பழக வேண்டும்: வெட்டுமுன் வேரில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்துவிட வேண்டும். ஒரு மணல் பருக்கை போதும், அந்த அலகின் கூர் கெட.

மடக்கு ரம்பமும் துணைக்கு வேண்டும். ஜப்பானிய ரம்பங்கள் இழுக்கும்போது அறுப்பவை; இழுவையில் தகடு மடங்காது என்பதால் அதை மெல்லியதாகவே அடித்துவிடலாம். குறுகிய குழிக்குள் அந்த மெல்லிய தகடு எத்தனை வசதி! ஆனால் மின்தூண்டலால் கடினமாக்கிய அதன் பற்களை அரத்தால் தீட்ட முடியாது. மண்வேலைக்குத் தேய்ந்த பழைய தகடே சரி.

கைக்கோடரியை நான் சேர்க்க மாட்டேன். அதன் வீச்சு வேரோடு நிற்பதில்லை, கீழே இருக்கும் செம்பிலும் இறங்கும். கட்டைவிரலைவிடப் பருத்த வேர் வந்தால் எந்தக் கருவியும் வேண்டாம். குழியை மறுபக்கமாக விரித்து, வேருக்கு அடியில் விரலை நுழைத்துத் தேடினால் போதும்.